ஏழாம் அத்தியாயம்: நின்று பழுதாகும் பிறேக்

பிறேக் தேய்ந்து என்னிடம் வரும் பழைய கார் குறைவு. நின்று பழுதாகி வருவதுதான் கூட. கண்டிப் பக்கம் ஓடும் காருக்குக் கடுகண்ணாவை இறக்கம் இருக்கிறது. அங்கே ட்றம் சுட்டு, லைனிங் கருகி, மிதிக்க மிதிக்கப் பிடி குறையும். எங்கள் தென்மராட்சியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. கொடிகாமச் சந்தியிலிருந்து வரணிக்குப் போனாலும் கச்சாய்த் துறைக்குப் போனாலும் நிலம் உள்ளங்கை போலத் தட்டை. ஆனால் கடல்நீரேரிக் காற்று உப்போடு வருகிறது. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை மழை. கார் கிடுகுக் கொட்டிலுக்குள் பத்து மாதம் அசையாமல் நிற்கிறது.

ஆடி, ஆவணியில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் பிள்ளைகள் வந்து இறங்குவார்கள். அப்பாவின் காரில் நல்லூர்த் தேருக்குப் போகவேண்டும் என்று ஆசைப்படுவார்கள். நல்ல ஆசை. பற்றறியை மாற்றி, பெற்றோல் விட்டு, எஞ்சின் ஸ்டார்ட் ஆனதும் கார் சரிவந்துவிட்டது என்று ஏ9 வீதிக்கு ஏற்றிவிடுகிறார்கள். ஸ்டார்ட் ஆகாத காரால் ஒருவருக்கும் காயம் இல்லை. ஸ்டார்ட் ஆகி, நிற்க மறுக்கும் காரால்தான் காயம். ஆகவே கொட்டிலில் நின்ற காருக்கு முதல் வேலை பிறேக், பிறகுதான் எஞ்சின். என் கராச்சில் இந்த ஒழுங்கை நான் யாருக்காகவும் மாற்றுவதில்லை.

இந்த அத்தியாயத்தில் மொறிஸ் மைனரைக் கையில் எடுக்கிறேன். 1948இல் வெளிவந்து 1970களின் தொடக்கம் வரை 16 இலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட கார். எங்கள் பக்கத்தில் இன்னும் ஓடுகிறது. 1956இல் 948 சிசி எஞ்சினோடு வந்ததும், 1962இல் 1098 சிசியாக மாறியதும்தான் இங்கே அதிகம். 1098 காரில் முன் ட்றம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாகப் பெருத்தது. பாகம் வாங்கப் போகும்போது இதைச் சொல்லாவிட்டால் பொருந்தாத ஷூவோடு திரும்பி வருவீர்கள். ஒஸ்ரின் ஏ40 வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும்: சோமசெற் என்றால் நான்கு சில்லுக்கும் ஒயில் அழுத்தம்தான். அதற்கு முந்திய டெவன் என்றால் முன் சில்லுக்கு மட்டுமே ஒயில், பின் சில்லைக் கம்பி இழுக்கிறது. இரண்டு கதவு ஸ்போட்ஸ் கார் வைத்திருக்கும் சிலரும் என்னிடம் வருவதுண்டு. 1958இல் வந்த ஒஸ்ரின் ஹீலி ஸ்பிறைட்டுக்குள் ஓடுவது மைனரின் அதே 948 சிசி எஞ்சின், அதன் ஸ்டியறிங் றாக் மைனரிலிருந்து எடுத்தது, பிறேக்கும் லொக்கீட் 7 அங்குல ட்றம். மேலே உடம்பு வேறு, கீழே வேலை ஏறக்குறைய இதே வேலை.

தொடங்குமுன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். இந்தக் காரில் ஒரே ஒரு மாஸ்டர் சிலிண்டர். அதிலிருந்து போகும் ஒயில் ஒரே வழியாகப் போய் நான்கு சில்லுக்கும் பிரிகிறது. இன்றைய கார்களில் வழி இரண்டு. ஒன்று போனால் மற்றது காப்பாற்றும். மைனரில் ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லும் ஒன்றாகப் போய்விடும். மிச்சம் ஹான்ட் பிறேக் மட்டும். அதனால் 'முன் சில்லு மட்டும் பார்த்தால் போதும் அண்ணை' என்று சொல்பவரின் காரை நான் எடுப்பதில்லை. எடுத்தால் நான்கையும் பார்க்கவேண்டும்.

கால் சொல்வது

காரை நிற்கவைத்தபடி பெடலை மிதித்துப் பாருங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதிப்பது நல்லது. பாதத்துக்கு நுணுக்கம் தெரியும்.

பஞ்சை மிதிப்பதுபோல இருந்தால் குழாய்க்குள் காற்று. முதல் மிதியில் பெடல் தரைக்குக் கிட்டப் போய், உடனே இரண்டாம் தரம் மிதிக்கும்போது மேலே நின்று பிடித்தால், பெரும்பாலும் காற்று இல்லை. ஷூவுக்கும் ட்றம்முக்கும் இடைவெளி கூடிவிட்டது. இதைத் தெரியாமல் போத்தல் போத்தலாக ஒயில் விட்டுக் காற்று எடுத்துக்கொண்டே இருப்பவர்களைக் கண்டிருக்கிறேன். ஷூவை இறுக்கினால் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை.

மிதித்து அழுத்தியபடி முப்பது வரை எண்ணுங்கள். பெடல் மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் எங்கோ ஒயில் கசிகிறது, அல்லது மாஸ்டர் சிலிண்டருக்குள் றப்பர் கப்பைத் தாண்டி ஒயில் பின்னுக்குப் போகிறது. நான்கு சில்லின் உட்பக்கமும் காய்ந்திருந்து, தொட்டியில் ஒயிலும் குறையாமல் பெடல் இறங்கினால், மாஸ்டர் சிலிண்டர்தான்.

பெடல் மரக்கட்டை போலக் கடினமாக இருந்து, கார் மட்டும் நிற்காமல் போனால், அழுத்தம் இருக்கிறது, பிடி இல்லை. லைனிங்கில் ஒயிலோ கிறீஸோ ஊறியிருக்கும், அல்லது சில்லுச் சிலிண்டர்கள் துருப்பிடித்து இறுகியிருக்கும். நின்ற காரில் அநேகமாக இரண்டாவது.

ஓடும்போது கார் இடப்பக்கம் இழுத்தால் எல்லோரும் இடப்பக்கச் சில்லைத்தான் கழற்றுவார்கள். நான் முதலில் வலப்பக்கத்தைக் கழற்றுவேன். இடப்பக்கம் தன் வேலையைச் செய்கிறது, வலப்பக்கம் தூங்குகிறது, அதனால்தான் இழுப்பு. இடப்பக்கம் அளவுக்கு மீறிப் பிடித்து இழுப்பதும் உண்டு, ஆனால் அது நின்ற காரில் குறைவு.

மிதித்து விட்டபிறகும் பிறேக் பிடித்தபடியே நிற்பது இன்னொரு கூத்து. சில்லைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். சுற்றாவிட்டால் அந்தச் சில்லின் பிளீட் நிப்பிளைக் கொஞ்சம் தளர்த்துங்கள். ஒயில் பீறிட்டு வந்து சில்லு விடுபட்டால், அழுத்தம் உள்ளே அடைபட்டிருந்தது என்று அர்த்தம். ஒரே ஒரு முன் சில்லில்தான் இப்படி என்றால் அந்தச் சில்லுக்குப் போகும் றப்பர் ஹோஸ் உள்ளே வீங்கி, போகும் ஒயிலை விட்டு, திரும்பும் ஒயிலைத் தடுக்கிறது. வெளியில் பார்த்தால் ஹோஸ் புதிது போல இருக்கும். நான்கு சில்லும் பிடித்து நின்றால் காரணம் மாஸ்டர் சிலிண்டர் பக்கம். அதற்குப் பிறகு வருகிறேன்.

தூக்கி நிறுத்துதல்

ஜக்கை மட்டும் நம்பிக் காருக்குக் கீழே தலை வைக்காதீர்கள். வீட்டில் மதிலுக்கு வைத்திருக்கும் சீமெந்துக் கல்லை முண்டு கொடுக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இருக்கிறது. அந்தக் கல் உள்ளே பொந்து. பாரம் ஓர் இடத்தில் விழுந்தால் முன்னறிவிப்பில்லாமல் உடையும். ஸ்ராண்ட் இல்லாவிட்டால் முற்றிய பனங்குற்றி தேடுங்கள். இரு தலைப்பும் மட்டமாக அரிந்த குற்றி, அகலமாக. முன்னுக்குத் தூக்கினால் பின் சில்லுக்கு இருபக்கமும் அடை கொடுங்கள். ஹான்ட் பிறேக்கை நம்பவேண்டாம், அதுவும் இன்று சோதிக்கப்படும் பொருள்தானே.

ஸ்பானரைப் பற்றியும் சொல்லவேண்டும். இது அங்குல அளவுக் கார். பிறேக் குழாய் நட்டுக்கு 7/16 அங்குலச் சாவி வேண்டும். அது 11.1 மில்லிமீற்றர், 11 மில்லிமீற்றர் சாவி ஏறினாலும் ஏறாவிட்டாலும் 12 போட்டுத் திருகுகிறார்கள், நட்டின் மூலை உருண்டுவிடுகிறது. பிறகு குறடு. பிறகு குழாயே முறிகிறது. அங்குலச் சாவி ஒரு கட்டு வாங்குவது நான்கு பிறேக் குழாய் வாங்குவதைவிட மலிவு. துருப்பிடித்த நட்டுக்கு முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் விட்டு வையுங்கள். காலையில் சாவியை முதலில் இறுக்கும் பக்கம் ஒரு நூலளவு அசைத்து, பிறகு தளர்த்துங்கள்.

ட்றம்முக்குள்

சில்லைக் கழற்றினால் ட்றம்மை இரண்டு திருகாணி பிடித்திருக்கும். அவற்றுக்குச் சரியாகப் பொருந்தும் அகலமான ஸ்குறூ ட்றைவரை வைத்து, பின்னால் சுத்தியலால் ஒரு தட்டு, பிறகு திருகு. ட்றம் வராவிட்டால் அடித்து உடைக்கவேண்டாம். ட்றம்மில் உள்ள துளைக்குள்ளால் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். நின்ற காரில் ஷூ ட்றம்மோடு துருவால் ஒட்டியிருக்கும். விளிம்பைச் சுற்றி மரக்கட்டை வைத்துத் தட்டத் தட்ட ஒட்டு விடும்.

உள்ளே கரும்பொடி இருக்கும். வாயால் ஊதாதீர்கள், கொம்பிறஸர் காற்றும் வேண்டாம். அந்தக் காலத்து லைனிங்கில் அஸ்பெஸ்டஸ் உண்டு; அந்தப் பொடி நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறியுங்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

பொடியைத் துடைத்ததும் கையடக்கத் தொலைபேசியால் நேராக ஒரு படம் எடுங்கள். எந்த ஸ்பிறிங் எந்தத் துளையில், ஷூவின் எந்தத் தலைப்பில் லைனிங் இல்லாத இடம், எல்லாம் அதில் வரட்டும். ஒரு பக்கத்தை முடித்துப் பூட்டும்வரை மற்றப் பக்கத்தைத் திறக்காதீர்கள். படம் மங்கலானாலும் மற்றச் சில்லு சாட்சியாக இருக்கும்.

முன் சில்லில் இரண்டு சிலிண்டர், ஒவ்வொன்றும் ஒரு ஷூவைத் தள்ளுகிறது. கார் முன்னுக்குப் போகும்போது சுற்றும் ட்றம் ஷூவைத் தன்னோடு இழுத்து இன்னும் இறுக்கிக்கொள்கிறது. அதனால்தான் பூஸ்டர் ஒன்றும் இல்லாத காரை ஒரு கால் நிறுத்துகிறது. வலப்பக்கத்து ஒழுங்கை இடப்பக்கத்தில் பூட்டிவிட்டால் இந்த உதவி பின்னுக்குப் போகும்போது மட்டும் கிடைக்கும், முன்னுக்குப் போகும்போது கிடைக்காது. எல்லாம் புதிதாகப் போட்டும் கார் நிற்கவில்லை என்று ஒருவர் கொண்டுவந்த மைனரில் இதுதான் நடந்திருந்தது. புதுப் பாகம் எதுவும் வேண்டியிருக்கவில்லை. பக்கம் மாற்றிப் பூட்டியதோடு கார் நின்றது.

பின் சில்லில் ஒரே சிலிண்டர். அது பின்தகட்டில் ஒரு நீள்துளைக்குள் வழுக்கி அசையவேண்டும். ஒரு ஷூவைப் பிஸ்டன் தள்ளும்போது, சிலிண்டரின் உடம்பு எதிர்ப்பக்கம் வழுக்கி மற்ற ஷூவைத் தள்ளும். உப்புக் காற்றில் இந்த நீள்துளை துருப்பிடித்து இறுகிவிடுகிறது. பிறகு ஒரு ஷூ மட்டும் தேயும், மற்றது புதிதாகவே இருக்கும். ஹான்ட் பிறேக்கின் நெம்பும் இதே சிலிண்டரில்தான் இருப்பதால் அதுவும் போய்விடும். ஹான்ட் பிறேக் பிடிக்கவில்லை என்றதும் உள்ளே நெம்பின் அடியில் கேபிள் நட்டை இறுக்கிக்கொண்டே போவார்கள். நோய் பின்தகட்டில் இருக்கும். துளையைச் சுரண்டித் துப்புரவாக்கி, பிறேக்குக்கு என்று விற்கும் கிறீஸை நகக்கண் அளவு மட்டும் பூசுங்கள்.

இனிச் சிலிண்டர். றப்பர் மூடியின் விளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் மெல்லத் தூக்குங்கள். உள்ளே காய்ந்திருந்தால் நல்லது. பனங்கட்டிப் பாகு போலக் கபில நிறத்தில் ஒட்டினால் உள்ளே தண்ணீர் போய்த் துரு தொடங்கிவிட்டது. பிஸ்டனை வெளியே எடுத்துவிட்டு, உட்சுவரைச் சுத்தமான துணியால் துடைத்து வெளிச்சத்தில் பாருங்கள். குழி பெரும்பாலும் அடிப்பக்கத்தில் இருக்கும். நகத்தால் ஓட்டிப் பார்த்து நகம் தட்டாவிட்டால், மிக மெல்லிய எமறிக் கடதாசியைப் பிறேக் ஒயிலில் நனைத்துச் சுற்றித் தேய்த்து, கழுவி, புதுக் கப் போடலாம். நகம் தட்டினால் அந்தச் சிலிண்டரை வைத்திருக்காதீர்கள். புதுக் கப் குழியைத் தாண்டும் ஒவ்வொரு தரமும் அதன் உதடு கிழிகிறது; ஒரு மழைக்காலத்துக்குள் மீண்டும் கசியும்.

ட்றம்முக்குள் ஈரம் கண்டால் அது எந்த ஈரம் என்று முதலில் அறியவேண்டும். விரலில் தொட்டுத் தண்ணீரில் கழுவுங்கள். சவர்க்காரம் இல்லாமலே கரைந்து போனால் பிறேக் ஒயில், சிலிண்டரைப் பாருங்கள். தண்ணீர் திரண்டு ஓட, பிசுக்கு விரலிலேயே நின்று, கந்தக மணமும் அடித்தால் பின் அச்சின் கியர் ஒயில். அச்சு சீலை மாற்றாமல் பிறேக்கை மட்டும் மாற்றினால் பணம் வீண். எந்த ஒயில் ஊறிய லைனிங்கையும் பெற்றோலில் கழுவி, அடுப்பில் வாட்டி மீண்டும் போடும் வழக்கத்தைக் கைவிடுங்கள். சூடேறும்போது உள்ளே இருந்தது மேலே வரும். ஷூவை லைனிங் ஒட்டும் கடைக்குக் கொடுங்கள், ஒரே அச்சின் இருபக்கத்துக்கும் சேர்த்து. ஆணி அடித்த லைனிங் என்றால் ஆணித்தலைக்கு மேல் 1 மில்லிமீற்றர் கூட இல்லாதபோது மாற்றும் நேரம் கடந்துவிட்டது.

ஒயில் என்ற பெயர்

இந்த ஊரில் நான் கண்ட பிறேக் பழுதுகளில் பாதியை ஒரு சொல் செய்திருக்கிறது. 'பிறேக் ஒயில்' என்கிறோம். அது ஒயிலே அல்ல. கிளைக்கோல் வகைத் திரவம், தண்ணீரில் கரையும். ஒயில் என்ற பெயரைக் கேட்டதும் கையில் இருக்கும் எஞ்சின் ஒயிலையோ, பவர் ஸ்டியறிங் ஒயிலையோ கொஞ்சம் விட்டால் என்ன என்று தோன்றுகிறது. ஒரு தேக்கரண்டி போதும், இந்தக் காரின் எல்லா றப்பரும் ஊதிப் பழுதாக.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய மண் இது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சுட்டதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினோம். அந்தக் காலத்தில் மண்ணெண்ணெய்தான் எரிபொருள், விளக்கு, கழுவும் தண்ணீர், எல்லாம். நான் வேலை பழகிய இடத்தில் ஒரு நாள் மாஸ்டர் சிலிண்டரைப் பிரித்து, எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் போட்டுக் கழுவினேன். கப்பும் அதற்குள் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்துப் பார்த்தால் கப் கொழுக்கட்டை போல ஊதி, சிலிண்டர் வாய்க்குள் ஏறவே இல்லை. அந்த நாளில் அப்படி ஒரு கப் வாங்க யாழ்ப்பாணத்தில் கடை இல்லை. கார் எட்டு மாதம் நின்றது. காரின் சொந்தக்காரர், ஒரு வயோதிபர், வாரம் ஒருதரம் சைக்கிளில் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போவார். பெற்றோல், மண்ணெண்ணெய், டீசல், கிறீஸ் எதுவும் பிறேக் றப்பரில் படக்கூடாது. கழுவ ஒன்றே ஒன்று: புதுப் பிறேக் ஒயில். மெத்திலேற்றட் ஸ்பிரிட்டும் ஆகும், உலரவிட்டால்.

எந்த ஒயில்? டப்பாவில் டொட் 3, டொட் 4 என்று இருக்கும். டொட் 3 புதிதாக இருக்கும்போது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். தண்ணீர் உறிஞ்சியபின் 140. டொட் 4க்கு 230, 155. எங்கள் தட்டை நிலத்தில் கொதிப்பு பெரிய பயம் அல்ல. உறிஞ்சிய தண்ணீர் உள்ளேயிருந்து துருப்பிடிக்க வைப்பதுதான் பயம். திறந்த டப்பாவை மார்கழி மழைக்கு ஷெல்ஃபில் வைத்துவிட்டு அடுத்த ஆவணியில் பாவிக்காதீர்கள். சின்ன டப்பா வாங்கி, மிச்சத்தை எறியுங்கள்.

டொட் 5 என்பது சிலிக்கோன். தண்ணீர் உறிஞ்சாது, பெயின்ற்றைத் தின்னாது, நிற்கும் காருக்கு நல்லது என்று வெளிநாட்டில் இருப்பவர்கள் கொண்டுவந்து தருகிறார்கள். நல்லதுதான், எல்லா றப்பரும் புதிதாக, குழாய் எல்லாம் காலியாக இருந்தால். ஆனால் அது மற்றதோடு கலக்காது. றோட்டில் ஒயில் குறைந்து கொடிகாமச் சந்திக் கடையில் ஒரு போத்தல் வாங்கி விட்டால் பிசகு. அதனால் நான் டொட் 4 போட்டு, இரண்டு வருடத்துக்கு ஒருதரம் முழுவதையும் மாற்றச் சொல்கிறேன். டொட் 5.1 என்று ஒன்று இருக்கிறது. பெயரில் 5 இருந்தாலும் அது கிளைக்கோல்தான், சிலிக்கோன் அல்ல.

காலடியில் இருக்கும் மாஸ்டர் சிலிண்டர்

மைனரில் மாஸ்டர் சிலிண்டரை பொனற்றுக்குள் தேடாதீர்கள். ஓட்டுபவரின் காலடியில், கார்ப்பெற்றை விலக்கினால் ஒரு சின்னத் தகட்டு மூடி. அதற்குக் கீழே, சட்டகத்தின் பெட்டிக்குள் புதைந்திருக்கிறது. கண்ணில் படாத இடம் ஆதலால் பத்து வருடம் யாரும் திறந்து பார்க்காத கார்களும் உண்டு. மூடியைக் கழற்றுமுன் சுற்றிலும் உள்ள மண்ணைத் துடையுங்கள். இது மணல் ஊர், ஒரு சிட்டிகை மணல் உள்ளே விழுந்தால் கப்பின் கதை முடிந்தது.

இதைக் கழற்றுவது இந்தக் காரின் மிகக் கடினமான பிறேக் வேலை. இரண்டு நீளப் போல்ட் பிடித்திருக்கிறது. போல்ட்டை வெளியே இழுக்கும் வழியில் முன் சஸ்பென்ஷனின் முறுக்குக் கம்பி குறுக்கே நிற்கிறது. கம்பியை விலக்கினால்தான் போல்ட் வரும். அந்தக் கம்பி காரின் பாரத்தையே தாங்கி முறுகி நிற்பது. சஸ்பென்ஷன் கையை முண்டு கொடுக்காமல் தளர்த்தினால் கை எலும்பை உடைக்கும். இதுவரை செய்யாதவர் தனியே தொடவேண்டாம், தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துச் செய்யுங்கள். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கத்திலிருந்து நுழைத்து, நட்டு கம்பிப் பக்கம் வரும்படி பூட்டுங்கள். அடுத்த தரம் கழற்றுபவருக்குக் கம்பியைத் தொடவே வேண்டியிராது. எனக்கு முன் யாரோ ஒரு புண்ணியவான் அப்படிப் பூட்டிவைத்த கார்களைக் கண்டிருக்கிறேன். போல்ட் சுகமாக வெளியே வரும்போது அவரை நன்றியோடு நினைப்பேன்.

நான்கு சில்லும் பிடித்தபடி நிற்பதைப் பற்றிச் சொன்னேன் அல்லவா. பெடலிலிருந்து வரும் தள்ளுகோலுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி வேண்டும். பெடலைக் கையால் அழுத்தினால் முதலில் சும்மா கொஞ்சம் ஆடி, பிறகு பாரம் தெரியவேண்டும். அந்த ஆட்டம் இல்லாவிட்டால் கப் முழுமையாகப் பின்னுக்கு வராது. தொட்டிக்குத் திரும்பும் நுண்துளையை மூடிக்கொண்டு நிற்கும். ஓட ஓட ஒயில் சூட்டில் விரியும், போக இடமில்லாமல் ஷூவைத் தள்ளும், அதனால் இன்னும் சூடு. மீசாலை தாண்டுமுன் கார் தானே நின்றுவிடும். ஆறியபின் ஒன்றும் நடக்காததுபோல ஓடும். பேய் பிடித்த கார் என்று சொல்லி விற்றவர்களும் உண்டு. பிழையான ஒயிலில் கப் ஊதினாலும் இதே துளைதான் மூடும், இதே பழுதுதான் வரும். முதலில் தள்ளுகோலை அளந்து பாருங்கள், அதற்குச் செலவில்லை.

குழாய், ஹோஸ்

றப்பர் ஹோஸ் மூன்று: முன்னுக்கு இரண்டு, பின்னுக்கு ஒன்று. நின்ற காரில் மூன்றையும் மாற்றுங்கள். இரும்புக் குழாயை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். செதில் உரிந்து குழி தெரிந்தால் அதுவும் போகவேண்டும். ஏசி, பிறிட்ஜ் திருத்தும் கடையில் விற்கும் செப்புக் குழாயைப் போடுவது இப்போது பரவிவருகிறது. வளைக்க இலகு என்பதால் போடுகிறார்கள். அது அந்த அழுத்தத்துக்குச் செய்ததல்ல. அதிர்வில் இறுகி, ஓரத்தில் வெடிக்கும். பிறேக்குக்கென்றே வரும் செம்பு-நிக்கல் குழாய் இருக்கிறது. துருவே பிடிக்காது, கடற்கரை ஊருக்கு அதைவிட நல்லது இல்லை. தலைப்பை விரிக்கும்போது பழைய குழாயின் தலைப்பு எந்த வடிவமோ அதே வடிவம். வேறு வடிவம் இறுகுவதுபோல இறுகி, மிதிக்கும்போது கசியும்.

காற்று எடுத்தல்

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு ஜாம் போத்தல், ஆஸ்பத்திரிச் சேலைன் குழாயில் ஒரு துண்டு. போத்தலின் அடியில் இரண்டு விரல் புது ஒயில். குழாயின் நுனி அதற்குள் மூழ்கி இருக்கவேண்டும். மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தூரத்தில் உள்ள சில்லில் தொடங்குங்கள்: எங்கள் வலக்கை ஸ்டியறிங் காரில் பின் இடம், பின் வலம், முன் இடம், முன் வலம்.

பெடலுக்குக் கீழே ஒரு பலகைத் துண்டு வையுங்கள், தரை வரை போகாதபடி. பழைய மாஸ்டர் சிலிண்டரில் கப் தினமும் ஓடும் இடம் மினுங்கும், அதற்கு அப்பால் துரு. தரை வரை மிதித்தால் கப் அந்தத் துருவில் ஏறிக் கிழிந்துவிடும். காலையில் காற்று எடுத்து, பின்னேரம் மாஸ்டர் சிலிண்டர் போனது எப்படி என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

காருக்குள் இருப்பவருக்கும் கீழே கிடப்பவருக்கும் நடுவே மூன்றே மூன்று சொல்.

"மிதியும்."

அவர் மெல்ல மிதித்து, "மிதிச்சிட்டன்" என்று சொல்லவேண்டும். நீங்கள் நிப்பிளை அரைத் திருகு தளர்த்துவீர்கள். குமிழி வரும்.

"பிடியும்."

கால் அப்படியே கீழே நிற்கவேண்டும். நீங்கள் நிப்பிளை இறுக்குவீர்கள். இறுக்கியபின் மட்டுமே:

"விடும்."

ஒரு தரம் என் மருமகனை உள்ளே இருத்தி வேலை செய்தேன். நிப்பிள் திறந்திருந்தபோது, குமிழி வருவதைக் கண்ட சந்தோஷத்தில் "சரி" என்றேன். அவன் சரி என்றால் விடச் சொல்கிறார் மாமா என்று நினைத்துக் காலை எடுத்துவிட்டான். நிப்பிளின் புரி வழியே காற்று உள்ளே இழுபட்டது. அரைமணி வேலை மீண்டும் முதலிலிருந்து. பிழை அவனுடையதல்ல. அன்றிலிருந்து காற்று எடுக்கும்போது 'சரி' என்ற சொல் என் கராச்சில் இல்லை.

ஐந்து மிதிக்கு ஒருதரம் காலடித் தொட்டியைப் பாருங்கள். வற்றினால் மறுபடியும் காற்று. குமிழி நின்று, வரும் ஒயில் தெளிவாகும்வரை விடாதீர்கள். பெயின்ற்றில் ஒயில் சிந்தினால் துடைக்க நேரம் போக்காமல் வாளித் தண்ணீரை ஊற்றுங்கள்.

இறுக்குதல், ஓட்டிப் பார்த்தல்

முன் சில்லு ஒவ்வொன்றிலும் அட்ஜஸ்டர் இரண்டு. ட்றம்மில் துளை ஒன்று. ஒன்றை இறுக்கிவிட்டு ட்றம்மைச் சுற்றி மற்றதைத் தேடவேண்டும். தேடாமல் விட்டவர்களின் கார் பாதி பிறேக்கில்தான் ஓடுகிறது, பெடலும் கீழேதான் நிற்கும். பின் சில்லில் அட்ஜஸ்டர் ஒன்றுதான். சில்லு அசையாமல் நிற்கும்வரை இறுக்கி, ஒரு பல் பின்னுக்கு விட்டு, கையால் சுற்றிப் பாருங்கள். மெல்லிய உரசல் கேட்டால் இருக்கட்டும். இறுக்கம் இருந்தால் இன்னும் ஒரு பல். கால் பிறேக்கைச் சரிசெய்தபின்தான் ஹான்ட் பிறேக் கேபிளைத் தொடவேண்டும். பின் சில்லின் இடைவெளி சரியானதுமே பெரும்பாலும் ஹான்ட் பிறேக்கும் சரிவந்துவிடும்.

எஞ்சினைப் போடாமல், கொட்டிலுக்குள்ளேயே முழுப் பலத்தோடு மிதித்து ஒரு நிமிடம் வைத்திருங்கள். யாராவது நான்கு சில்லின் பின்புறத்தையும் ரோச் லைற் அடித்துப் பார்க்கட்டும். பிறகு முற்றத்தில் நடக்கும் வேகத்தில் மிதித்துப் பாருங்கள், பிறகு ஒழுங்கையில். ஏ9 வேண்டாம், பின்னால் யாழ்ப்பாணம் போகும் பஸ் வந்துகொண்டிருக்கும், உங்கள் கார் எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்று அந்தச் சாரதிக்குத் தெரியாது, உங்களுக்கும் இன்னும் தெரியாது. விடியக்காலை வரணி றோட்டில் ஆள் நடமாட்டம் தொடங்குமுன் 30 கிலோமீற்றர் வேகத்தில் ஸ்டியறிங்கை மெல்லப் பிடித்தபடி மிதியுங்கள். நேரே நின்றால் இன்னும் பத்துத் தரம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ட்றம் ஆற இடம் விட்டு. புது லைனிங் ட்றம்மின் வளைவுக்குப் படிய இவ்வளவும் வேண்டும். இறங்கி நான்கு சில்லின் நடுவிலும் கையை வைத்துப் பாருங்கள். ஒன்று மட்டும் சுட்டால் அது விடவில்லை. ஒன்று மட்டும் குளிர்ந்திருந்தால் அது பிடிக்கவில்லை.

150 கிலோமீற்றர் ஓடியபின் ஒருதரம் அட்ஜஸ்டரை மீண்டும் இறுக்கவேண்டியிருக்கும். பிள்ளைகள் திரும்பிப் போனபிறகு காரை மறுபடியும் கொட்டிலில் விடும்போது ஹான்ட் பிறேக்கைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ஷூ ட்றம்மோடு ஒட்டும். சில்லுக்கு அடை வையுங்கள். வாரம் ஒருதரம், போகும் வழியில் கொட்டிலுக்குள் நுழைந்து பெடலைப் பத்துத் தரம் மிதியுங்கள், மாதம் ஒருதரம் காரை முற்றத்தில் முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டுங்கள். ஒயில் மாற்றிய திகதியைக் காலடித் தகட்டு மூடியின் உட்புறத்தில் வெள்ளைப் பெயின்ற்றால் எழுதிவையுங்கள், எந்த ஒயில் என்பதையும் சேர்த்து.